போர்ட் டவுன்சென்ட்: ரயில் வராததால் பிழைத்த துறைமுக ஊரை நடந்து பார்க்க முழுமையான வழிகாட்டி

1890-ல் சொன்னபடி ரயில் வந்திருந்தால், போர்ட் டவுன்சென்டில் இன்று நாம் போய்ப் பார்க்கப் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பியூஜெட் சவுண்ட் என்ற உள்கடலின் வாசலில் இருக்கும் சின்ன ஊர் இது. விக்டோரியா காலத்துச் செங்கல் கட்டடங்களும் மர மாளிகைகளும் தெருத்தெருவாக இன்னமும் நிற்கின்றன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட அந்த ஊரிடம் பல பத்தாண்டுகள் பணமே இல்லை. அதுதான் அவற்றைக் காப்பாற்றியது.

இதைத் தெரிந்துகொண்டு போனால் ஊர் வேறு மாதிரி தெரியும். தெரியாமல் போனால் அழகான கடைத்தெரு, ஐஸ்கிரீம், நாலு போட்டோ, அவ்வளவுதான். அதனால் வழி சொல்வதற்கு முன் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கதை

பாய்மரக் கப்பல்கள் பசிபிக்கிலிருந்து உள்ளே வரும்போது இந்த முனை வரைக்கும் காற்று கைகொடுக்கும். அதற்குத் தெற்கே உள்கடலுக்குள் காற்றை நம்ப முடியாது. ஆகவே கப்பல் நிற்க இதுவே இயல்பான இடம். ஆங்கிலேய மாலுமி ஜார்ஜ் வான்கூவர் 1792-ல் இந்த விரிகுடாவுக்குப் பெயர் வைத்தார். 1851-ல் குடியேறிகள் ஊரை அமைத்தார்கள். 1854-ல் சுங்கத் தலைமையகம் இங்கே வந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் கப்பல்கள் இங்கே நின்று கணக்குக் காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மாலுமிகள், சாராயக்கடைகள், கப்பல் ஏஜெண்டுகள், வெளிநாட்டுத் தூதரக அலுவலகங்கள் எல்லாம் பின்னாலேயே வந்தன.

சுங்கம் இந்த ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சம்பவம். 1862-ல் விக்டர் ஸ்மித் என்ற சுங்க அதிகாரி அலுவலகத்தைப் போர்ட் ஏஞ்சலஸுக்கு மாற்ற முடிவு செய்தார். ஊர்க்காரர்கள் ஆவணங்களைத் தர மறுத்தார்கள். அவர் 'ஷூப்ரிக்' என்ற அரசுக் கப்பலில் வந்து, பீரங்கிகளை ஊர்ப்பக்கம் திருப்பி, தராவிட்டால் சுடுவேன் என்று மிரட்டி வாங்கிப் போனார். சில வருடங்களில் சுங்கம் திரும்பி வந்துவிட்டது.

1880-களின் கடைசியில் ஊருக்கு ரயில் ஆசை பிடித்தது. யூனியன் பசிபிக்கைச் சேர்ந்த ஆரிகன் இம்ப்ரூவ்மென்ட் கம்பெனி தெற்கிலிருந்து பாதை போட்டு இணைப்பதாக ஒப்புக்கொண்டது. நிலத்தின் விலை ஏறியது. 1889, 1890 ஆகிய இரண்டே வருடங்களில் வாட்டர் ஸ்ட்ரீட்டின் பெரிய செங்கல் கட்டடங்கள் பலவும் எழுந்தன. 1890 நவம்பரில் கம்பெனி நொடித்துப்போனது. தண்டவாளம் குவில்சீன் என்ற ஊரோடு நின்றுவிட்டது. 1893-ல் நாடு முழுவதும் வந்த பொருளாதார வீழ்ச்சி மீதியையும் முடித்து வைத்தது. நீராவிக் கப்பல்களுக்குக் காற்று தேவையில்லை என்பதால், சரக்கு நேராக சியாட்டிலுக்கும் டகோமாவுக்கும் போனது. கட்டி முடித்த மாடிகள் காலியாகக் கிடந்தன. சில மாடிகளை உள்ளே பூசி முடிக்கவே இல்லை.

1927-ல் வந்த காகித ஆலைதான் ஊருக்குச் சோறு போட்டது. ஆலை இன்றும் ஓடுகிறது, காற்று அந்தப் பக்கமிருந்து வந்தால் வாசனை தெரியும். பிறகு கலைஞர்களும் படகு கட்டுபவர்களும் மலிவான வாடகையைத் தேடி வந்து சேர்ந்தார்கள், பழைய கட்டடங்களின் மதிப்பை ஊரும் உணர்ந்தது. 1977-ல் ஊரின் பழைய பகுதி தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இந்த நிலத்தின் மூத்த குடிகளை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்வது நியாயமில்லை. இது ஸ்கிளாலம் மக்களின் ஊர். அவர்களின் தலைவர் செட்ஸெமோகா குடியேறிகளோடு சமாதானமாக இருந்தவர், அமெரிக்க அரசோடு செய்த 1855-ன் பாயின்ட் நோ பாயின்ட் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர். அப்படியிருந்தும் 1871-ல் அவர் மக்களைக் கடற்கரையிலிருந்து வெளியேற்றி வீடுகளைக் கொளுத்தினார்கள். 2019-ல் அவர் பெயரில் ஒரு நடைபாதை திறக்கப்பட்டது. ஊரெங்கும் அதன் தகவல் பலகைகள் இருக்கின்றன. கண்ணில் படும்போதெல்லாம் நின்று படியுங்கள். மாளிகைகளைப் பற்றிய பலகைகளைவிட எனக்கு இவைதான் முக்கியமாகப் படுகின்றன.

போய்ச் சேரும் வழி

சியாட்டிலிலிருந்து இரண்டு நல்ல வழிகள். ஒன்று, நகரின் படகுத்துறையிலிருந்து காரோடு பெயின்பிரிட்ஜ் தீவுக்கு 35 நிமிடப் படகு, அப்புறம் சுமார் 70 கி.மீ. சாலை. இந்த வழியில் ஹூட் கனால் பாலத்தைக் கடக்க வேண்டும். கான்கிரீட் மிதவைகள் மேல் நிற்கும் பாலம் இது. 1979 பிப்ரவரிப் புயலில் இதன் மேற்குப் பாதி மூழ்கிப்போனது, 1982-ல் மறுபடி திறந்தார்கள். கடற்படை நீர்மூழ்கிகளோ பெரிய கப்பல்களோ போகும்போது பாலத்தைத் திறப்பார்கள். அன்றைக்கு அரை மணி, முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டியிருக்கலாம்.

இரண்டாவது வழி, வடக்கே போய் விட்பி தீவின் கூப்வில்லிலிருந்து படகு ஏறுவது. கடப்பதற்கு 35 நிமிடம்தான். நான் பரிந்துரைப்பது இதையே. இந்தப் படகில் வந்தால் ஊரைக் கடலிலிருந்து பார்த்தபடி வருவீர்கள். கீழே செங்கல் தெரு, அதற்குப் பின்னால் செங்குத்தான மண்மேடு, மேட்டின் மேல் மர வீடுகள், வலப்பக்கம் கலங்கரை விளக்கம். ஊரின் அமைப்பு முழுவதும் ஒரே பார்வையில் புரிந்துவிடும். இந்தப் படகுக்கு முன்பதிவு உண்டு, கோடையிலும் வார இறுதியிலும் கட்டாயம் செய்யுங்கள். கூப்வில் துறை ஆழம் குறைந்தது. நீரோட்டம் கடுமையாக இருக்கும் நாளில் சில படகுகளை ரத்து செய்வார்கள். கிளம்புமுன் வாஷிங்டன் மாநிலப் படகுத் துறையின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள்.

கார் இல்லாதவர்களும் பெயின்பிரிட்ஜ் வழியாகப் பேருந்து மாறி மாறி வரலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேர அட்டவணையை இரண்டு முறை பாருங்கள்.

மழையைப் பற்றிய பயம் வேண்டாம். ஒலிம்பிக் மலைத்தொடர் மேகத்தைத் தடுத்துவிடுவதால், சியாட்டிலில் பெய்வதில் ஏறக்குறைய பாதிதான் இங்கே. ஆனால் காற்று பலமாக அடிக்கும். ஜூலையிலும் ஒரு ஜாக்கெட் கையில் இருக்கட்டும்.

காரை எங்கே விடுவது

கடற்கரைத் தெருவில் பல இடங்களில் நேரக் கட்டுப்பாடு உண்டு. ஊருக்குள் நுழையும் இடத்தில் ஹெய்ன்ஸ் பிளேஸ் பார்க் அண்ட் ரைடு இருக்கிறது. அங்கே காரை விட்டுவிட்டு உள்ளூர்ப் பேருந்தில் போவது நிம்மதி. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கட்டடம் பார்க்க முடியாது.

முதல் பகுதி: கீழ்த்தெரு

கீழ்த்தெரு என்றால் வாட்டர் ஸ்ட்ரீட். அதன் கிழக்குக் கோடியில் பாயின்ட் ஹட்சன் படகுத்துறைக்குப் பக்கத்திலிருந்து ஆரம்பியுங்கள். மேடிசன் தெரு முனையில் 1890-களின் தொடக்கத்தில் எழுந்த சிட்டி ஹால் நிற்கிறது. தீயணைப்பு நிலையம், நீதிமன்றம், சிறை எல்லாம் ஒரு காலத்தில் இதற்குள்ளேயே இருந்தன. இப்போது ஜெஃபர்சன் மாவட்ட வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம் இதில் நடக்கிறது. அடித்தளத்துச் சிறையறைகளுக்குள் போய்ப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு இது நிச்சயம் பிடிக்கும். வெளியே வரும்போது நடைபயண வரைபடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து வாட்டர் ஸ்ட்ரீட்டில் மேற்கு நோக்கி நடங்கள். இங்கே ஒரே ஒரு பழக்கம் வேண்டும்: எதிர்ச்சாரி நடைபாதையில் நின்றுகொண்டு நிமிர்ந்து பாருங்கள். தரைத்தளம் எங்கே போனாலும் கடைகளால் மாறிப்போயிருக்கும். 1889-ஐப் பார்க்க வேண்டுமென்றால் இரண்டாம், மூன்றாம் மாடியைப் பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு மேல் வளைவுகள், ஜன்னல்களுக்கு நடுவே ஒட்டுத்தூண்கள், உச்சியில் தெருப்பக்கம் துருத்தி நிற்கும் கார்னிஸ். கல் செதுக்கல் போலத் தெரிகிற கார்னிஸ்களில் பல, அச்சில் அழுத்திய தகரத்தில் செய்து வண்ணம் அடித்தவை. அந்தக் காலத்தில் இந்த அலங்காரங்களை அட்டவணைப் புத்தகத்தில் பார்த்து வரவழைத்தார்கள். ஒரு தெரு இரண்டே வருடத்தில் இவ்வளவு ஆடம்பரமாக எழுந்தது அப்படித்தான். கடை முகப்புகளில் வார்ப்பிரும்புத் தூண் தென்பட்டால் குனிந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். வார்ப்பட ஆலையின் பெயரை அங்கே பொறிப்பது அன்றைய வழக்கம்.

டெய்லர் தெரு முனையில் இருக்கும் ஹேஸ்டிங்ஸ் கட்டடத்துக்கு மட்டும் நேரம் ஒதுக்குங்கள். ஊரை நிறுவியவர்களில் ஒருவரான லோரன் ஹேஸ்டிங்ஸின் குடும்பம் கட்டியது. வரைந்தவர் எல்மர் ஃபிஷர். 1889 ஜூனில் சியாட்டில் எரிந்த பிறகு அந்த நகரைத் திரும்ப எழுப்பியதில் பெரும் பங்கு இவருடையது. சியாட்டிலின் பயனியர் கட்டடத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரே கை என்று தெரிந்துவிடும். வாட்டர் ஸ்ட்ரீட்டில் ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல கட்டடம் இல்லை என்பது என் எண்ணம்: வட்ட வளைவு, கனமான கல் பட்டை, மூலையில் வளைந்து திரும்பும் சுவர். இந்த மூன்றையும் இங்கே மனதில் வாங்கிக்கொண்டால் பக்கத்துக் கட்டடங்களைப் படிப்பது சுலபம். ஜேம்ஸ் அண்ட் ஹேஸ்டிங்ஸ், என்.டி. ஹில், மவுன்ட் பேக்கர் பிளாக் எல்லாம் நடை தூரத்தில்தான். 1881-ன் பார்ட்லெட் கட்டடத்தையும் தேடிப் பாருங்கள். எட்டே வருட இடைவெளியில் ஆடம்பரம் எவ்வளவு கூடியிருக்கிறது என்று தெரியும்.

பேலஸ் ஹோட்டல் கட்டடம் 1889-ஐச் சேர்ந்தது. 1920-களிலும் 30-களிலும் அதன் மாடியில் விபசார விடுதி நடந்தது. கீழ்த்தெரு எப்படிப்பட்ட இடமாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. அடுத்து ஏறப்போகும் படிக்கட்டுக்கு அர்த்தம் கிடைப்பதும் இங்கேதான்.

இரண்டாம் பகுதி: படியேறி மேட்டுக்கு

டெய்லர் தெருவின் முடிவில் ஹாலர் நீரூற்று. 1906-ல் தியடோர் ஹாலர் ஊருக்குக் கொடுத்த கலாட்டியா சிலை அதில் நிற்கிறது. பின்னாலேயே மேட்டுக்கு ஏறும் படிகள். கொஞ்சம் மூச்சு வாங்கும். முட்டிவலி உள்ள பெரியவர்களைக் காரில் சுற்றி மேலே அழைத்து வந்துவிடுங்கள்.

மேலே ஏறியதும் வேறு ஊருக்கு வந்த மாதிரி இருக்கும். வசதியான குடும்பங்கள் மாலுமிகளின் தெருவுக்குத் தங்கள் பெண்களும் பிள்ளைகளும் இறங்க வேண்டாம் என்று நினைத்தன. அதனால் லாரன்ஸ் தெருவில் தனியாக ஒரு கடைத்தெருவே உருவானது. வர்க்கத்தின் கோடு இத்தனை தெளிவாக மண்மேட்டின் விளிம்பிலேயே ஓடுவதை நான் வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

மேட்டின் விளிம்பில், டைலர் தெருப் பக்கம் (டெய்லர் தெரு வேறு, இது வேறு), 1890-ன் தீயணைப்பு மணிக்கூண்டு இருக்கிறது. மரத்தாலானது, 75 அடி உயரம். மணி எத்தனை முறை அடிக்கிறது என்பதை வைத்து ஊரின் எந்தப் பகுதியில் தீ என்று தன்னார்வலர்கள் தெரிந்துகொள்வார்கள். துறைமுகத்தின் மிகச் சிறந்த காட்சி இங்கிருந்துதான்.

அடுத்து பார்க்க வேண்டிய இரண்டு வீடுகளை ஒரு சோடியாகவே நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையும் முக்கியம்.

முதலில் ஃபிராங்க்ளின், டெய்லர் தெருக்கள் சந்திக்கும் இடத்தில் ராத்ஸ்சைல்ட் வீடு. 1868-ல் கட்டியது. வெள்ளை மர வீடு, நேர்கோடுகள், அலங்காரம் மிகக் குறைவு. வணிகர் டி.சி.எச். ராத்ஸ்சைல்டின் குடும்பம் மட்டுமே வாழ்ந்ததால் உள்ளே சாமான்கள், சுவர்த்தாள், பாத்திரம் பண்டம் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. மகள் 1950-கள் வரை இங்கேயே இருந்தார், பிறகு குடும்பம் வீட்டை மாநிலத்துக்குக் கொடுத்துவிட்டது. புதுப்பித்து மெருகேற்றிய வீடுகளில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கும்: மங்கிப்போன உண்மையான நிறம். கோடை மாதங்களில்தான் திறந்திருக்கும்.

அப்புறம் கிளே தெருவும் ஆடம்ஸ் தெருவும் சந்திக்கும் முனைக்கு நடங்கள். 1889-ல் கட்டிய ஸ்டாரெட் மாளிகை அங்கே. ஜார்ஜ் ஸ்டாரெட் ஊரின் பெரிய கட்டட ஒப்பந்தக்காரர், மனைவி ஆனுக்காக இதைக் கட்டினார். குயின் ஆன் பாணியின் எல்லா லட்சணங்களும் இதில் உண்டு: ஒழுங்கற்ற கூரை, எண்கோணக் கோபுரம், துருத்தும் ஜன்னல்கள், ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு வடிவ மரப்பலகை. உள்ளே தூண் தாங்காமல் சுழன்று ஏறும் படிக்கட்டு. அதற்கு மேல் குவிமாடத்தில் நான்கு பருவங்களின் ஓவியம். ஒவ்வொரு பருவமும் தொடங்கும் நாளில், கோபுரத்துச் சிறு ஜன்னலின் சிவப்புக் கண்ணாடி வழியாக வரும் வெயில் அந்தப் பருவத்தின் ஓவியத்தைத் தொடும்படி அமைத்திருக்கிறார்கள். தனியார் உடைமை என்பதால் உள்ளே போக முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தெருவிலிருந்து பார்ப்பதே அரை மணி நேரத்துக்குத் தாங்கும்.

இருபத்தோரு வருட இடைவெளி, இரண்டு வீடுகள். நீராவியில் ஓடும் மரம் அறுக்கும் ஆலையும் இழைக்கும் எந்திரமும் வந்ததும் மரத்தில் பூவேலை மலிவானது, நிலத்தின் மதிப்பு ஏறியதும் அதைக் காட்டிக்கொள்ளும் ஆசையும் வந்தது. சுற்றியுள்ள தெருக்களில் இஷ்டம் போல நடங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், இவற்றில் மக்கள் குடியிருக்கிறார்கள். வேலிக்கு வெளியே நின்று பாருங்கள், ஜன்னலுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம். மான்கள் தெருவில் சாதாரணமாகத் திரியும். அவற்றுக்கு எதுவும் கொடுக்காதீர்கள்.

சனிக்கிழமை என்றால் லாரன்ஸ் தெருவுக்குப் பக்கத்தில் டைலர் தெருவில் விவசாயிகள் சந்தை கூடும், குளிர்காலத்தில் சில மாதங்கள் மட்டும் கிடையாது. கடலுணவு சாப்பிடுபவர்களுக்குக் கீழ்த்தெருவில் குறையில்லை. நம் சாப்பாடுதான் வேண்டும் என்றால் புளிசாதமோ தயிர்சாதமோ கட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். செட்ஸெமோகா பூங்காவின் புல்வெளியில் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட அருமையான இடம் இருக்கிறது.

மூன்றாம் பகுதி: கனவின் அளவு

மேட்டு விளிம்பை ஒட்டியே மேற்கே நடந்தால் 1893-ன் சுங்க, அஞ்சல் அலுவலகக் கட்டடமும், அதற்கு அப்பால் 1892-ன் ஜெஃபர்சன் மாவட்ட நீதிமன்றமும் வரும். நீதிமன்றத்தை வரைந்தவர் வில்லிஸ் ரிச்சி. செங்கல்லால் ஆன ரோமனஸ்க் கட்டடம் (வட்ட வளைவும் கனமான சுவரும் கொண்ட பாணி), கடிகாரக் கோபுரம் 124 அடி. கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, திரும்பி ஊரின் அளவைப் பாருங்கள். இவ்வளவு பெரிய நீதிமன்றம் அன்றைய சிற்றூருக்கானது அல்ல, வரப்போகிறது என்று அவர்கள் நம்பிய மாநகரத்துக்கானது. திறப்பு விழா நடந்தபோதே அந்த மாநகரம் வராது என்பது ஏறக்குறைய தெரிந்துவிட்டது. இன்றும் அரசு அலுவலகமாகவே இயங்குகிறது. வார நாளில் உள்ளே நுழைந்து கூடத்தைப் பார்க்கலாம்.

நேரமிருந்தால் காரில் மான்ரேசா கோட்டைக்குப் போங்கள். ஊரின் முதல் மேயர் சார்ல்ஸ் ஐசன்பைஸ் 1892-ல் கட்டியது. பிரஷியாவில் பிறந்தவர், அந்த ஊர்க் கோட்டைகளின் சாயலில் கட்டினார். 1927-ல் இயேசு சபைத் துறவிகள் வாங்கி, ஒரு புதுப் பகுதியைச் சேர்த்து, பழையதும் புதியதும் ஒன்றாகத் தெரிய வெளிச்சுவர் முழுக்கப் பூசிவிட்டார்கள். செங்கல் உள்ளே ஒளிந்திருக்கிறது. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் இதைத் தாராளமாக விட்டுவிடலாம்.

நான்காம் பகுதி: ஃபோர்ட் வோர்டன்

பிற்பகல் முழுவதையும் இதற்குக் கொடுங்கள். ஊரின் வடக்கே மூன்று கி.மீ. தூரம். மாநிலப் பூங்கா என்பதால் காருக்கு டிஸ்கவர் பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அலை தாழ்ந்திருக்கும் நேரத்தில் பாயின்ட் ஹட்சனிலிருந்து கடற்கரை வழியாகவே நடந்தும் போகலாம். ஆனால் அலை அட்டவணையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள், ஏற்றத்தின்போது தண்ணீர் மண்மேட்டின் அடி வரை வந்துவிடும், ஒதுங்க இடமிருக்காது.

1902-ல் ராணுவம் குடியேறிய கோட்டை இது. எதிரே விட்பி தீவில் ஃபோர்ட் கேசி, மாரோஸ்டோன் தீவில் ஃபோர்ட் ஃபிளாக்லர். மூன்றும் சேர்ந்து உள்கடலின் வாசலை முக்கோணமாக அடைத்தன. எதிரிக் கப்பலைப் பார்த்து இங்கிருந்து ஒரு குண்டும் சுட்டதில்லை. 1953-ல் மூடினார்கள், 1973-ல் பூங்காவாகத் திறந்தார்கள்.

அணிவகுப்பு மைதானத்தின் ஓரம் அதிகாரிகளின் வீடுகள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஊரின் வீடுகள் ஒன்றோடொன்று போட்டி போட்டன, இவை பதவிக்கு ஏற்ப அளந்து கட்டப்பட்டவை. 1921-ன் ராணுவ பலூன் கூடம் இப்போது இசை அரங்கு. அப்புறம் டார்ச் எடுத்துக்கொண்டு ஆர்டிலரி ஹில் ஏறுங்கள். மரங்களுக்கு நடுவே பீரங்கி மேடைகள், கும்மிருட்டான கான்கிரீட் அறைகள். போன் வெளிச்சம் போதாது, தரையில் குழிகளும் விளிம்புகளும் உண்டு, சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். மலையில் 20 லட்சம் காலன் கொள்ளும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே எழுப்பும் ஒலி 45 விநாடி வரை நிற்கும். 1988-ல் இசைக்கலைஞர் பாலின் ஒலிவெரோஸ் தன் குழுவோடு அதற்குள் இறங்கி இசையைப் பதிவு செய்தார்.

கடைசியாக முனையில் பாயின்ட் வில்சன் கலங்கரை விளக்கம். முதலாவது 1879-ல் வந்தது, இப்போதுள்ளது 1914-ஐச் சேர்ந்தது. காற்றின் அழுத்தத்தைக் குறைக்கக் கோபுரத்தை எண்கோணமாகக் கட்டியிருக்கிறார்கள்.

தங்குவதா, திரும்புவதா

ஒரு நாளில் முதல் இரண்டு பகுதிகளும் ஃபோர்ட் வோர்டன் கோட்டையும் முடியும். இரண்டு நாள் என்றால் எல்லாமே நிதானமாக முடியும். கோட்டையில் அதிகாரிகளின் வீடுகளை வாடகைக்கு விடுவதுண்டு. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து எடுத்தால் கட்டுப்படியாகும், சமையலறையும் இருக்கும். செப்டம்பர் முதல் திங்கட்கிழமையில் வரும் லேபர் டேக்கு அடுத்த வார இறுதியில் மரப்படகுத் திருவிழா, 1977-லிருந்து நடக்கிறது. கையால் கட்டிய நூற்றுக்கணக்கான படகுகளைப் பார்க்கவும் ஏறவும் முடியும். படகில் ஆர்வமென்றால் அந்த வாரம்தான் போக வேண்டும், அறைக்குப் பல மாதங்கள் முன்பே சொல்லி வைக்க வேண்டும். கட்டடங்களுக்காகப் போகிறீர்கள் என்றால் அந்த வாரத்தைத் தவிர்த்து, மே கடைசியிலோ ஜூனிலோ வார நாள் ஒன்றில் போங்கள். ராத்ஸ்சைல்ட் வீடு திறந்திருக்கிறதா என்று மட்டும் முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஞாயிறு மாலை பெயின்பிரிட்ஜ் படகுக்குக் கார் வரிசை நீளமாக நிற்கும், அங்கே முன்பதிவும் கிடையாது. வந்தது எந்த வழியாக இருந்தாலும், திரும்ப கூப்வில் படகுக்கு இடம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. நீரோட்டத்தால் அது ரத்தானால் தெற்கே டகோமா வழியாகச் சாலையிலேயே சுற்றிப் போகலாம், படகே தேவையில்லை.